பேசி முடித்த விலையைத் திரும்பப் பேசலாமா?

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்தான். ஆனால் வீடு வாங்குகிற, விற்கிற குடும்பங்களில் பல நாள் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். பழைய வீடு ஒன்றுக்கு விலை பேசி முடித்தாயிற்று. அட்வான்ஸ் கைமாறிவிட்டது, கிரய ஒப்பந்தமும் பதிவாகிவிட்டது. கிரயத்துக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியில் வாங்குகிறவர் ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டைக் காட்டுகிறார். வயரிங் மோசமாக இருப்பது தெரியவருகிறது. இப்போது பேசி முடித்த விலையை அவர் திரும்பப் பேசலாமா? பேசலாம் என்றால் எவ்வளவு குறைத்துக் கேட்பது நியாயம்? கேட்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் கேட்கிற தொகை, முதலில் பேசிய விலைக்குள் ஏற்கெனவே அடங்கியிருந்த ஒன்றுக்கானதாக இருக்க வேண்டும். அளந்து காட்டியதாகவும் இருக்க வேண்டும். ‘வயரிங் சரியில்லை, ஐந்து லட்சம் குறையுங்கள்’ என்று கேட்பவருக்கும், ‘பேசினது பேசினதுதான்’ என்று கதவைச் சாத்துபவருக்கும் நான் ஒரே அளவில் எதிர்க்கட்சி.

நம் ஊரில் பழைய வீடு வாங்குகிற முறையை முதலில் பார்ப்போம். மூலப் பத்திரம் கேட்கிறோம். பட்டா, வீட்டு வரி ரசீது கேட்கிறோம். முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். விற்பவரின் தகப்பனார் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, தங்கை கையெழுத்துப் போடுவாரா என்று விசாரிக்கிறோம். வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குகிறோம். கடன் என்றால் வங்கியின் வக்கீலும் வங்கியின் மதிப்பீட்டாளரும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இத்தனையும் தேவைதான். ஆனால் இவ்வளவு பேரில் ஒருவர்கூட ஒரு ஸ்விட்ச் போர்டின் திருகைக் கழற்றிப் பார்ப்பது வழக்கமில்லை. மதிப்பீட்டாளர் நீள அகலம் அளப்பார், கட்டடத்தின் வயதைக் குறித்துக்கொள்வார், போட்டோ எடுப்பார். சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பது அவர் வேலை இல்லை. மின்வாரியத்தின் வேலையும் இல்லை. புதிய இணைப்பு கேட்கும்போது உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் வயரிங் முடித்ததற்கு ஓர் அறிக்கை கொடுக்கிறார். அதற்குப் பிறகு மீட்டருக்கு உள்பக்கம் நடப்பதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. வீடு கைமாறினால் இணைப்பில் பெயர் மாறும். வயர் அப்படியே இருக்கும்.

பிரான்சில் 2009 முதல் வேறு வழி. 15 ஆண்டுக்கு மேற்பட்ட மின் அமைப்புள்ள வீட்டை விற்பவர், தம் செலவில் சோதித்து வாங்கிய அறிக்கையை வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும். பழுதைச் சரிசெய்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை; தெரிவித்துவிட்டு விற்கச் சொல்கிறது. அங்கே சோதனை முன்னால் வருகிறது, விலை பின்னால் வருகிறது. நம்மிடம் விலை முன்னால், சோதனை பின்னால். அட்வான்ஸ் கொடுக்காத ஆளை வீட்டுக்குள் விட்டுச் சுவரையும் போர்டையும் நோண்ட அனுமதிக்க நம்மவர்கள் தயங்குவார்கள், தரகரும் அவசரப்படுத்துவார். ஆகவே இரண்டாம் முறை விலை பேச வேண்டிய நிலைமை வாங்குபவரின் பேராசையால் மட்டும் வருவதில்லை. நாம் பழகி வைத்திருக்கிற வரிசையே அதை உண்டாக்குகிறது.

சரி, சோதனையில் என்னதான் தெரியும்? கன்சீல்டு வயரிங் என்று நாம் சொல்கிற, சுவருக்குள் பைப் புதைத்து வயர் இழுத்த வீடு என்று வைத்துக்கொள்வோம். ஹால் போர்டின் திருகுகளைக் கழற்றிப் பலகையை முன்னால் இழுத்தால் வயர்களின் வால் தெரியும். மேலுறை விறைத்துப்போயிருக்கிறது, விரலால் வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே செம்பு தெரிகிறது. சிவப்பு வயரின் முனை பழுப்பேறியிருந்தால், அந்த இணைப்பு தளர்ந்து அடிக்கடி சூடேறியிருக்கிறது என்று பொருள். அடுத்து த்ரீ பின் பிளக். அதன் பெரிய ஓட்டை எர்த்துக்கானது. அதற்கு வர வேண்டிய பச்சை வயரே சில வீடுகளில் இருக்காது. சில வீடுகளில் வந்த வயரை வெட்டி மடக்கி உள்ளே செருகியிருப்பார்கள். இன்னும் மோசமான வேலை ஒன்று உண்டு: எர்த் முனையிலிருந்து நியூட்ரல் முனைக்கு ஒரு துண்டு வயரைக் கொடுத்துவிடுவது. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் விளக்கு நன்றாக எரியும், எர்த் இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்த அன்று, ஃபிரிட்ஜின் இரும்பு உடம்புக்கு 230 வோல்ட் வந்து சேரும். ஈரக் கையோடு அதன் கதவைத் திறப்பது யார் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

கண்ணால் பார்ப்பதற்கு மேல் ஓர் அளவும் இருக்கிறது. மெயினை அணைத்து, பல்புகளையும் சாதனங்களையும் கழற்றி, ஸ்விட்சுகளை எல்லாம் ஆன் நிலையில் வைத்து, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, அதற்கும் எர்த்துக்கும் நடுவே மெக்கர் என்கிற கருவியால் 500 வோல்ட் டிசி கொடுத்துப் பார்ப்பார்கள். வயரின் மேலுறை மின்சாரத்தை எவ்வளவு தடுத்து நிறுத்துகிறது என்பது எண்ணாக வரும். ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஒவ்வொரு லைனாகப் பிரித்து, எந்த லைனில் கசிகிறது என்று கண்டுபிடிக்கலாம். சாதாரண வீட்டுக்கு இது அரைநாள் வேலை. இவ்வளவு விவரமாக நான் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘வயரிங் மோசம்’ என்று வாங்குபவர் சொன்னால் விற்பவர் காதில் அது பேரம் பேசுகிற குரலாகத்தான் விழும். ‘சமையலறை லைனில் இவ்வளவு மெகாஓம்தான் வருகிறது, இந்த ஆறு பிளக்கில் எர்த் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால், அவர் தமக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்து அதே இடத்தில் அளந்து பார்க்கலாம். பொய் என்றால் பொய் என்று காட்டலாம். எதிராளி சரிபார்க்க முடியாத குறையை வைத்து விலை பேசக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 55-ஆவது பிரிவு, விற்பவரின் கடமைகளில் முதலாவதாக இதைத்தான் வைத்திருக்கிறது: சொத்தில் உள்ள முக்கியமான குறை, தமக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடியாகக் கருதப்படும் என்று அதே பிரிவின் இறுதியில் இருக்கிறது. மூன்று சொற்களைக் கவனியுங்கள்: முக்கியமான, தெரிந்த, கண்டுபிடிக்க முடியாத. மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும். கறுப்பு உருண்டை ஸ்விட்சும் பீங்கான் ஃபியூஸும் டூ பின் பிளக்கும் இருக்கிற வீட்டைச் சுற்றிப் பார்த்து, தலையாட்டி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு ‘பழைய வயரிங்’ என்று புகார் சொன்னால் சட்டம் கேட்காது. அது கண்ணெதிரே இருந்தது. புத்தம் புதிய மாடுலர் ஸ்விட்சுகளை மேலே மாட்டி, உள்ளே பழைய வயரையே விட்டு, ‘எல்லாம் புதுசாகப் பண்ணியது’ என்று சொல்லி விற்றால் அது வேறு கதை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டைத்தான் போடுகிறது: மறைத்ததால் ஏமாந்தேன் என்கிறவருக்கு, சாதாரண முயற்சியில் உண்மையை அறிந்திருக்க வழி இருந்ததா என்று 19-ஆவது பிரிவு கேட்கிறது.

ஆனால் இந்த விஷயத்தில் சட்டத்தின் துணை எவ்வளவு தூரம் வரும் என்பதை நாம் மிகைப்படுத்திக்கொள்ளக் கூடாது. முதலாவது, 55-ஆவது பிரிவு ‘வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது’ என்றுதான் தொடங்குகிறது. ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் நிலைமை மாறலாம். வங்கி ஏலத்தில் விடும் வீடுகள் அப்படித்தான் விற்கப்படுகின்றன, அங்கே திரும்பப் பேச ஆளே கிடையாது. இரண்டாவது, முக்கியமான குறை என்பதற்கு நீதிமன்றங்கள் வைத்திருக்கிற அளவுகோல் பெரியது. 1834-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஃபிளைட் – பூத் வழக்கிலிருந்து வருகிற கேள்வி அது: இது தெரிந்திருந்தால் இவர் இந்த ஒப்பந்தத்திலேயே இறங்கியிருக்க மாட்டார் என்று நியாயமாகக் கருத முடியுமா? வயரிங்குக்காக வீட்டையே வேண்டாம் என்பவர் அபூர்வம். தெரிந்திருந்தால் இரண்டு லட்சம் குறைத்துப் பேசியிருப்பார், அவ்வளவுதான். சட்டம் கையில் வைத்திருப்பது ஒப்பந்தத்தையே முறிக்கிற பெரிய கத்தி. வாங்குபவர் முறைப்படி மறுத்தால் கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே அவருக்குப் பொறுப்புரிமை உண்டு என்றுகூட 55-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கத்தியை இந்தச் சிறிய குறைக்கு உருவினால் நீதிமன்றத்தில் ஆண்டுகள் ஓடும், அட்வான்ஸ் அங்கே முடங்கும். புதிய அடுக்குமாடி வீட்டுக்குக் கதை சுலபம்: 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் வேலைத்தரக் குறை தெரிந்து சொன்னால் கட்டியவர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு விற்கிற பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் இது பேசித் தீர்க்கிற விஷயம் என்கிறேன்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும்: பேசியதை மாற்றினால் வாக்கு என்ன ஆவது? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அதற்கு முன்பும் வெற்றிலை பாக்கு மாற்றி முடித்த விலையை யாரும் மாற்றத் துணிந்ததில்லை. ஆனால் அதே நம்மவர்கள் எந்தச் சங்கடமும் இல்லாமல் விலையை மாற்றுகிற ஓர் இடம் இருக்கிறது. பத்திரத்தில் 1,200 சதுர அடி என்று இருக்கிறது; சர்வேயர் வந்து சங்கிலி போட்டால் 1,150 வருகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய விலையில் 50 சதுர அடிக்கான பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறோம். விற்பவர் ஏமாற்றினார் என்று யாரும் சொல்வதில்லை, அவருக்கும் தெரியாது. வாங்குபவர் வாக்குத் தவறினார் என்றும் யாரும் சொல்வதில்லை. இருவரும் 1,200 என்று நம்பி ஒரு விலையைச் சொன்னார்கள், நம்பியது குறைந்தது, விலையும் குறைந்தது. வயரிங்கும் அப்படித்தான். வீட்டை விற்பவர்கள் முப்பது ஆண்டாக அதில் குடியிருந்த ஓர் ஆசிரியர் தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள்; அவர்களுக்குத் தங்கள் பிளக்கில் எர்த் இல்லை என்பது தெரிந்திருக்க வழியே இல்லை. அவர்கள் மேல் குற்றம் சாட்டாமலே விலையைத் திரும்பப் பேச முடியும். பேச்சு எங்கே கெடுகிறது என்றால், ‘மறைத்து விற்கப் பார்த்தீர்கள்’ என்ற தொனி நுழைகிற இடத்தில்தான். சட்டத்தில் மோசடியை நிரூபிக்க வேண்டியவர்களுக்கு அந்தத் தொனி தேவைப்படலாம். விலை குறைக்கக் கேட்பவருக்கு அது தேவையும் இல்லை, உதவியும் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நம் நகரங்களில் பழைய வீட்டின் விலை என்பது மனையின் விலை. சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ முப்பது ஆண்டுப் பழைய தனி வீட்டை விற்பவர், ‘இடத்துக்குத்தான் காசு, கட்டடம் சும்மா வருகிறது’ என்பார். கட்டடத்துக்கு ஒரு பைசா வாங்காதவரிடம் கட்டடத்தின் வயருக்காக ஏன் கழிக்க வேண்டும்? இந்த வாதம் பாதி வழி வரை முற்றிலும் சரி. அதனால் வாங்குபவர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, விலை எப்படி உருவானது என்பது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. அந்தத் தெருவில் காலி மனை சதுர அடி 5,000 ரூபாய்க்குப் போகிறது. மனைக்கு 60 லட்சம் ஆயிற்று. வீட்டை 60 லட்சத்துக்குப் பேசியிருந்தால் கட்டடத்துக்கு விலை இல்லை. வயரிங் எப்படி இருந்தாலும் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்க வாங்குபவருக்கு நியாயம் இல்லை என்பேன். 72 லட்சத்துக்குப் பேசியிருந்தால் 12 லட்சம் எதற்கு? குடியிருக்கத் தகுந்த ஒரு கட்டடத்துக்கு. சுவர், கூரை, தண்ணீர்க் குழாய், கக்கூஸ், மின்சாரம் எல்லாம் சேர்ந்துதான் அந்த 12 லட்சம். அதில் ஒரு பகுதி வேலை செய்யவில்லை என்றால் அந்த 12 லட்சத்திலிருந்துதான் கழிக்க வேண்டும், 72-இலிருந்து அல்ல. ‘மொத்த விலையில் ஐந்து சதவீதம்’ என்று சிலர் கேட்பது இதனால்தான் அபத்தம். அண்ணாநகரில் மனை விலை அதிகம் என்பதற்காக அங்கே வயர் மாற்றுகிற செலவு தாம்பரத்தைவிடப் பல மடங்கு ஆகிவிடாது.

அதே வாதத்தைத் திருப்பி விற்பவரிடமும் வைக்கலாம். விளம்பரத்தில் ‘நல்ல நிலையில் உள்ள வீடு, உடனே குடிபோகலாம்’ என்று போட்டு, அதே தெருவின் காலி மனையைவிடக் கூடுதல் விலை கேட்டு வாங்கிவிட்டு, குறை தெரிந்த பிறகு ‘இடத்துக்குத்தானே கொடுத்தீர்கள்’ என்பது செல்லாது. கட்டடத்துக்கு விலை உண்டா இல்லையா என்பதை இரு தரப்பும் ஒரே கணக்கில் நின்று சொல்ல வேண்டும். வாங்கியதும் இடித்துக் கட்டப்போகிறவர் வயரிங்கைக் காட்டி விலை குறைப்பதும் இதே வகைத் தில்லுமுல்லுதான்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது: முப்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே! இதற்குப் பதில் சொல்லும்போது பழுது வேறு, போதாமை வேறு என்று பிரித்துக்கொள்வது நல்லது. பழைய வீட்டில் ஓடியது ஒரு ட்யூப் லைட், இரண்டு ஃபேன், ஒரு டிவி. புதிதாக வருகிறவர் ஒன்றரை டன் ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, இப்போது மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜர் என்று கொண்டுவருகிறார். வயரில் ஓடுகிற மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். இது பள்ளிக்கூட இயற்பியல். ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுப்பதும், விளக்குகளுக்கு 1.5 போதும் என்பதும் அதனால்தான். ஆனால் படுக்கையறையில் ஏசி லைன் இல்லை என்பது விற்பவரின் குறையா? அவர் ஏசி வைத்த வீட்டை விற்கவில்லை. புதிய சுமைக்குப் புதிய லைன் போடுவது வாங்குபவரின் செலவு. எர்த் இல்லாத பிளக், உறை நொறுங்கிய வயர், பைப்புக்குள் டேப் சுற்றிய இணைப்பு, நியூட்ரலை வெட்டுகிற ஸ்விட்ச் இவையெல்லாம் யார் குடியிருந்தாலும் எத்தனை ஃபேன் ஓடினாலும் குறைதான். ஒன்றும் ஆகவில்லை என்பது இவற்றுக்கு நற்சான்று ஆகாது. எர்த் இல்லாத வீட்டில் கிரைண்டரின் உடம்புக்கு மின்சாரம் கசிகிற நாள் வரை எல்லாம் சரியாகத்தான் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மெயினில் மாட்டினால் போதாதா என்று கேட்பார்கள். அவசியம் மாட்ட வேண்டும். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் அவ்வளவு வித்தியாசப்பட்டால் அது அறுத்துவிடும். ஆனால் மேலுறை கெட்ட வீட்டில் அது அடிக்கடி விழும், நான்காம் நாள் யாராவது அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடுவார்கள். பழுதை நீக்கிய பிறகுதான் அதற்குக் காவல் வேலை.

சரி, எவ்வளவு? எலெக்ட்ரீஷியன்கள் பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் செலவை நிஜமாகத் தீர்மானிப்பது பாயிண்ட் எண்ணிக்கையைவிடச் சுவருக்குள் இருக்கிற பைப்தான். பைப் அடைபடாமல் இருந்தால் பழைய வயரை உருவிவிட்டு, ஸ்பிரிங் விட்டு, புதிய வயரை இழுத்துவிடலாம். சுவரைத் தொட வேண்டாம். பைப் உடைந்து சிமெண்ட் இறங்கியிருந்தால் சுவரைக் காடி வெட்டி, புது பைப் வைத்து, பூசி, பட்டி பார்த்து, அந்த அறை முழுவதும் பெயிண்ட் அடிக்க வேண்டும். வயரின் விலையைவிடக் கொத்தனார், பெயிண்டர் கூலி அதிகமாகிவிடும். ஆகவே விலை பேச உட்காருவதற்கு முன் இரண்டு மூன்று லைன்களில் ஸ்பிரிங் விட்டுப் பார்ப்பது, அறிக்கை எழுதுவதைவிட முக்கியம். இதைச் செய்யாமல் முழுச் சுவரையும் வெட்டுகிற எஸ்டிமேட்டை நீட்டுபவரின் கணக்கை விற்பவர் நம்ப வேண்டியதில்லை.

இன்னொன்றும் கழிக்க வேண்டியிருக்கிறது. பழைய வீட்டில் புதிய வயர் போட்டால், வாங்குபவர் தாம் பேசிய வீட்டைவிட நல்ல வீட்டை அடைகிறார். முப்பது ஆண்டு வீடு என்று தெரிந்து வாங்கியவர், முப்பது ஆண்டு ஓடிய, ஆனால் பழுதில்லாத வயரிங்கைத்தான் எதிர்பார்த்திருக்க முடியும். இன்னும் சில ஆண்டில் அதை எப்படியும் மாற்றியிருப்பார். முழுச் செலவையும் விற்பவர் தலையில் கட்டுவது அதனால் நியாயமாகாது. பாதி என்று வாய்ப்பாடு சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. விற்பவர் ஒன்றும் சொல்லாதபோது, ஆபத்தான இடங்களைச் சரிசெய்கிற செலவு மட்டும் அவருடையது என்று வைக்கலாம்: எர்த், கெட்டுப்போன லைன்கள், தளர்ந்த இணைப்புகள். ‘ஐந்து வருஷம் முன்னால்தான் முழு வீட்டுக்கும் ரீ-வயரிங் செய்தோம்’ என்று சொல்லி, அதை நம்பி விலை ஏறியிருந்தால், ஏறக்குறைய முழுச் செலவும் அவருடையதுதான்.

தொகையைவிட அதைக் கொடுக்கிற வழியில் பலர் சறுக்குகிறார்கள். விலையைக் குறைத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். வங்கிக் கடனில் வாங்குபவருக்கு அது முடிவில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வங்கி அதிகபட்சம் மதிப்பில் 80 சதவீதம் தரலாம். நம் உதாரணத்தில் 72 லட்சத்துக்குக் கடன் 57.6 லட்சம், கைப்பணம் 14.4 லட்சம். விலையில் 2 லட்சம் குறைத்தால் 70 லட்சம். கடன் 56, கைப்பணம் 14. வாங்குபவரின் கையில் மிச்சமானது 40,000 ரூபாய். 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்த்து, வழிகாட்டி மதிப்பு இடம் கொடுத்தால், இன்னொரு 18,000. வயரிங்குக்குக் கையிலிருந்து உடனே எடுக்க வேண்டியதோ 2 லட்சம். பதிவு முடிந்து, கையில் இருந்ததெல்லாம் கரைந்து நிற்கிற மாதத்தில் அதற்குப் பணம் இருக்காது. வேலை தள்ளிப்போகும், குடும்பம் அதே வயரில் குடியேறும். இந்தக் கணக்கைப் பார்த்ததும் சிலருக்கு ஒரு யோசனை வரும்: பத்திரத்தில் 72 என்றே இருக்கட்டும், இரண்டை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இது வங்கியிடம் பொய் விலையைக் காட்டிக் கடன் வாங்குவது. வயரிங்கை அதற்குச் சாக்காக்கக் கூடாது.

கடனில் வாங்குபவருக்கு நல்ல வழி, கிரயப் பதிவுக்கு முன்பே வேலையை முடிப்பது என்று நினைக்கிறேன். ஆளை வாங்குபவர் தேர்ந்தெடுக்கட்டும், பணத்தை விற்பவர் ஏற்கெனவே வாங்கிய அட்வான்ஸிலிருந்து கொடுக்கட்டும், முடிந்ததும் மெக்கர் வைத்து அளந்து இருவரும் கையெழுத்துப் போடட்டும். ஆளை விற்பவரே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை; போகிற வீட்டுக்கு யாரும் நல்ல வயர் வாங்க மாட்டார்கள். வேலை முடிந்த பிறகு வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் கதி என்ன என்று கேட்கலாம். அவர் கையில் அட்வான்ஸும் இருக்கிறது, சரியான வயரிங்கோடு வீடும் இருக்கிறது. அடுத்தவருக்கு அதைச் சொல்லியே விற்கலாம். கடன் இல்லாமல் சொந்தப் பணத்தில் வாங்குபவருக்கு இந்தச் சுற்று வழி வேண்டாம். நேராக விலையைக் குறைத்து, குறைத்த விலையையே ஒரு துணை ஒப்பந்தமாக எழுதி, அந்தத் தொகையே கிரயப் பத்திரத்தில் ஏறினால் போதும்.

கடைசியாக விற்பவர்களின் பயம் ஒன்று இருக்கிறது. இதை ஒப்புக்கொண்டால் நாளைக்குத் தண்ணீர்த் தொட்டி, மறுநாள் கதவு நிலை என்று வாங்குபவர் ஒவ்வொன்றாகக் கிளப்பி விலையை அரித்துக்கொண்டே போவார் என்கிறார்கள். நியாயமான பயம். மார்க்கெட் மந்தமான நேரத்தில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. விற்பவர் மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார் என்று தெரிந்தால் இன்னும் துணிவார்கள். இதை மறுப்பு ஒன்றால் தடுக்க முடியாது, எல்லை போட்டுத்தான் தடுக்க முடியும். ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து எழுதலாம்: ஒப்பந்தம் பதிவான 15 நாளுக்குள் வாங்குபவர் தம் செலவில் உரிமம் பெற்றவரைக் கொண்டு மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் ஒரே தடவையில் சோதிக்கலாம், கண்ட பழுதை எழுத்தில் கொடுக்க வேண்டும், சரிசெய்யும் செலவு இன்ன தொகைக்குள் இருந்தால் வாங்குபவருடையது, மேற்பட்டது விற்பவருடையது, இன்ன உச்சவரம்பைத் தாண்டினால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து முடித்து இருவரில் யார் வேண்டுமானாலும் விலகலாம், 15 நாள் கழிந்தால் பேச்சு இல்லை. பத்திர எழுத்தர்கள் வழக்கமாக அடிக்கிற ஒப்பந்தத்தில் இந்த ஷரத்து இருக்காது. கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். வாங்குபவருக்கு ஒரு தடவை வாய்ப்பு கிடைக்கிறது, விற்பவருக்குப் பதினாறாம் நாள் நிம்மதி கிடைக்கிறது. நல்ல இடத்தில் வீடு வைத்திருப்பவர், வரிசையில் நான்கு பேர் நிற்கும்போது, இப்படி ஒரு ஷரத்துக்குத் தலையாட்ட மாட்டார் என்பதும் உண்மைதான். அவரிடம் ஒப்பந்தத்துக்கு முன்பே அரைநாள் அனுமதி கேட்டு, எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்துப் பார்த்துவிடலாம். அதற்கும் சம்மதிக்காதவர் கட்டடத்துக்கென்று தனியாக 12 லட்சம் கேட்டால், அந்தத் தெருவின் மனை விலையோடு நின்றுகொள்ள வாங்குபவருக்கு முழு நியாயம் இருக்கிறது.